பழைய சிடி, டிவிடி, போன் கேமரா: வீட்லயே ஒளியோட அலைநீளம் அளக்க முழுமையான வழிகாட்டி

ரெண்டு வருஷமா லீவு நாள்ல ஸ்கூல் பசங்களோட உக்காந்து இத செஞ்சிட்டு வரேன். புதுசா வர்றவங்க ஏறக்குறைய எல்லாருமே ஒரே எடத்துலதான் மாட்டுறாங்க. ஒளிய நிறம் நிறமா பிரிக்கிற பெட்டிய நேரா செஞ்சு, டிவிடி ஒட்டி, கலர் கலரா தெரிஞ்சதும் வேலை முடிஞ்சதுன்னு நிறுத்திடுறாங்க. இந்த பச்சைக் கோட்டோட அலைநீளம் எத்தன நானோமீட்டர் (மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு)னு கேட்டா பதில் இல்ல. கலர் பாக்கணும்னா சிடியோட அடிப்பக்கத்த ட்யூப் லைட்டுக்கு நேரா திருப்பினாலே போதும், பெட்டியே வேண்டாம். நம்ம வேலை நம்பர் எடுக்குறது.

அதனால வரிசை மாறக்கூடாது. மொதல்ல சிடிய அளவுகோலா வச்சு லேசரோட அலைநீளம். அடுத்து அந்த லேசர அளவுகோலா வச்சு ஒரு தலைமுடியோட தடிமன். கடைசியா டிவிடி பெட்டி. ஒவ்வொண்ணுல வர்ற நம்பரும் அடுத்ததுக்கு கைப்பிடி, அத விட்டுட்டு பெட்டிக்கு தாவினா தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழியே இருக்காது.

1. மொதல்ல எடுத்து வைக்க வேண்டியது

சிவப்பு லேசர் பாயிண்டர் ஒண்ணு, பழைய சிடி ஒண்ணு, எழுதக்கூடிய டிவிடி ஒண்ணு. டிவிடி அடிப்பக்கம் லேசா ஊதா கலர்ல இருக்கணும். கடையில வாங்குன சினிமா டிவிடி வெள்ளியா இருக்கும், அத பிரிச்சு சுத்தம் பண்றது கஷ்டம், விட்ருங்க.

செருப்பு டப்பா, கருப்பு சார்ட், ஷேவிங் பிளேடு, செலோ டேப், இன்ச் டேப், ஸ்கேல், துணி கிளிப், சர்ஜிக்கல் ஸ்பிரிட். அப்புறம் ஒரு சிஎஃப்எல் பல்பு. எல்லார் வீட்லயும் எல்இடி மாறிட்டதால இது ஒண்ணுதான் இப்ப தேடி எடுக்க வேண்டியதா இருக்கு, ஆனா இது இல்லாம ஒன்பதாவது படி நடக்காது. சிஎஃப்எல் கிடைக்கலன்னா பழைய ட்யூப் லைட் (எல்இடி ட்யூப் இல்ல) பரவாயில்ல.

ப்ளூரே டிஸ்க் இருக்கு, அதுல வரி (டேட்டா பதியுற மெல்லிய தடம்) இன்னும் நெருக்கம், இன்னும் நல்லா வருமேன்னு கேப்பாங்க. வராது. அதுல வரிக்கு வரி 320 நானோமீட்டர்தான், நம்ம கண்ணுக்குத் தெரியுற எந்த ஒளியோட அலைநீளமும் அதவிட பெருசு. அலைநீளத்தவிட இடைவெளி சின்னதா போச்சுன்னா நேரா விழுற ஒளி பக்கவாட்டுல பிரியவே பிரியாது.

2. லேசர் கிட்ட கவனம்

1 மில்லிவாட்டுக்கு உள்ள இருக்குற சிவப்பு லேசர் மட்டும் எடுங்க. விலை கம்மியா கிடைக்குற பச்சை லேசர் வேண்டாம்னு கண்டிப்பா சொல்றேன். அது உள்ள 808 நானோமீட்டர் இன்ஃப்ராரெட்ல ஆரம்பிச்சு, 1064 ஆக்கி, அத பாதியாக்கித்தான் 532 பச்சை குடுக்குது. உள்ள ஃபில்டர் சரியில்லன்னா மிச்சம் இருக்குற இன்ஃப்ராரெட் அப்படியே வெளிய வரும், கண்ணுக்குத் தெரியாததால நாம சிமிட்டக்கூட மாட்டோம்.

சிடி ஒரு கண்ணாடி மாதிரிங்கறத எல்லாரும் மறந்துடுறாங்க. லேசர மேஜை உயரத்துல வச்சா பசங்க உக்காந்திருக்கும்போது கண்ணு சரியா அதே உயரத்துக்கு வருது. அதனால எல்லாரும் லேசருக்குப் பின்னாடி நிக்கணும், சிடிய திருப்பும்போது லேசர அணைச்சிடணும்.

3. சிடிய வச்சு லேசரோட அலைநீளம்

சிடியில வரிக்கு வரி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது 1600 நானோமீட்டர். பக்கத்து பக்கத்து வரியில பட்டு திரும்புற அலைகள் எந்த திசையில ஒரு முழு அலைநீளம் முன்ன பின்ன வருதோ அந்த திசையில மேடும் மேடும் சேர்ந்து வெளிச்சமாகும், மத்த திசையில ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். அந்த திசைய அளந்தா அலைநீளம் கிடைச்சிடும், மொத்த விஷயமும் இதான்.

வெள்ளை அட்டை நடுவுல சின்ன ஓட்டை போடுங்க. லேசர் அந்த ஓட்டை வழியா போய் 20 செமீ தள்ளி நிக்குற சிடிமேல விழணும். சிடியோட நடு ஓட்டைக்கு நேர் வலது பக்கமோ நேர் இடது பக்கமோ விழணும், மேலயோ கீழயோ விழக்கூடாது. பக்கவாட்டுலதான் வரிகள் செங்குத்தா ஓடுது, அப்பதான் புள்ளிகள் கிடைமட்டமா ரெண்டு பக்கமும் பிரியும்.

இப்ப சிடிய கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு, திரும்பி வர்ற நடுப்புள்ளி மறுபடியும் அதே ஓட்டைக்குள்ள போற மாதிரி வைங்க. இத சும்மா பார்வையில வச்சுட்டு போறவங்களுக்குத்தான் இடது பக்கம் 8 செமீ, வலது பக்கம் 10 செமீன்னு வருது. திரும்பி வர்ற புள்ளி ஓட்டைக்குள்ள போனா சிடி நேரா நிக்குதுன்னு அர்த்தம், வேற மட்டப்பலகை எதுவும் தேவையில்ல.

அட்டையில ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி இருக்கும். ரெண்டு தூரத்தையும் அளந்து சராசரி எடுங்க. எங்களுக்கு ஒரு தடவ 8.8, 9.0 வந்துச்சு, சராசரி 8.9 செமீ.

கணக்கு இப்படி:

சாய்வு தூரம் = √(8.9 × 8.9 + 20 × 20) = 21.9 செமீ

அலைநீளம் = 1600 × 8.9 ÷ 21.9 = 650 நானோமீட்டர்

இங்கதான் பெரிய தப்பு நடக்குது. புக்குல கோணம் சின்னதா இருந்தா நேர் தூரத்தால வகுத்தா போதும்னு படிச்சிருப்பாங்க, அத ஞாபகம் வச்சுக்கிட்டு 8.9 ஐ 20 ஆல வகுத்துடுறாங்க. வர்றது 712. இந்த கோணம் 24 டிகிரி, சின்னது இல்ல. சாய்வு தூரத்தாலதான் வகுக்கணும். இப்படி செஞ்சா போன் கால்குலேட்டர் டிகிரில இருக்கா ரேடியன்ல இருக்காங்கற குழப்பமும் வராது.

புள்ளிய 1 மிமீ தப்பா அளந்தா விடை 6 நானோமீட்டர் மாறும். அதனால 645ல இருந்து 655க்குள்ள வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அளங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உங்க லேசரே 635 ஆ இருக்கலாம். சிவப்பு பாயிண்டர்கள் 630ல இருந்து 680 வரைக்கும் வருது. மூணு தடவ சிடிய எடுத்து மறுபடி வச்சு அளங்க, மூணும் பக்கத்துல பக்கத்துல வந்தா அதான் உங்க நம்பர். எழுதி வைங்க, கடைசியில தேவைப்படும்.

ஒரு பொண்ணு கேட்டா, ஒளி பிளாஸ்டிக்குக்குள்ள போய்ட்டுத்தான வருது, அங்க வளையுமே, கணக்கு மாறாதான்னு. ரொம்ப நல்ல கேள்வி. உள்ள அலைநீளம் குறையும், அதே அளவுக்கு வெளிய வரும்போது கோணமும் விரியும், ரெண்டும் சரியா ஈடுகட்டிடும். அதனால காத்துல அளக்குற கோணமே போதும்.

4. அந்த லேசர வச்சு தலைமுடி

அட்டையில 1 செமீ ஓட்டை வெட்டி, குறுக்க ஒரு முடிய இழுத்து ரெண்டு பக்கமும் டேப் போடுங்க. லேசர் முடிமேல நேரா படணும், சுவர் 2 மீட்டர் தள்ளி இருக்கணும். ரூம் இருட்டா இருக்கட்டும்.

சுவர்ல முடியோட நிழல் தெரியும்னு எதிர்பாப்பீங்க. தெரியாது. நடுவுல ஒரு நீள வெளிச்சம், ரெண்டு பக்கமும் விட்டு விட்டு இருட்டும் வெளிச்சமுமா நீண்டுகிட்டே போகும். முடிய நிமித்தி வச்சா அது படுக்கையா விரியும், முடிய படுக்க வச்சா நிமிந்து விரியும். பசங்க இத திருப்பித் திருப்பி பாத்துட்டே இருப்பாங்க, விடுங்க, அவசரப்படுத்தாதீங்க.

அளக்குறது இருட்டுப் பட்டைகளத்தான், வெளிச்சத்த இல்ல. இருட்டுதான் கூர்மையா தெரியும். இடது பக்கம் மூணாவது இருட்டுல இருந்து வலது பக்கம் மூணாவது இருட்டு வரைக்கும் அளந்து 6 ஆல வகுங்க. எங்களுக்கு 10.8 செமீ, அப்ப ஒரு இடைவெளி 1.8 செமீ.

முடி தடிமன் = 650 நானோமீட்டர் × 200 செமீ ÷ 1.8 செமீ = சுமார் 72,000 நானோமீட்டர், அதாவது 72 மைக்ரோமீட்டர்

மனுஷ முடி பெரும்பாலும் 50ல இருந்து 100 மைக்ரோமீட்டருக்குள்ள இருக்கும். உங்க விடை 36 மாதிரி பாதியா வந்துச்சுன்னா காரணம் ஏறக்குறைய ஒண்ணேதான்: நடு வெளிச்சத்தோட முழு அகலத்த ஒரு இடைவெளின்னு எடுத்துட்டீங்க. நடு வெளிச்சம் மட்டும் மத்ததவிட ரெண்டு மடங்கு அகலம்.

போன படியில தப்புன்னு சொன்ன நேர் தூர வகுத்தல் இங்க சரி, ஏன்னா 200 செமீக்கு 1.8 செமீங்கறது நெஜமாவே சின்ன கோணம். இந்த ரெண்டையும் அடுத்தடுத்து செஞ்சாதான் அந்த வித்தியாசம் மண்டையில ஏறுது.

5. டிவிடிய பிரிக்கிறது

டிவிடி ஒரே தகடு இல்ல, 0.6 மிமீ தகடு ரெண்டு ஒட்டினது. கத்திரியால ஒரு கால்வாசிய வெட்டி எடுத்தீங்கன்னா வெட்டின ஓரத்துல ரெண்டும் லேசா வாய் பிளக்கும், அங்க பிளேட விட்டு மெதுவா திருப்பினா பிரிஞ்சுடும். கண்ணாடி போட்டுக்கோங்க, துண்டு தெறிக்கும்.

ஒண்ணு வெள்ளியா, ஒண்ணு ஊதாவா ஊடுருவி தெரியுற மாதிரி இருக்கும். ஊதாதான் வேணும். ஸ்பிரிட்ட ஊத்தி அலசினா சாயம் போய் தெளிவாயிடும். தேய்க்காதீங்க, விரல் வைக்காதீங்க. இதுல வரிக்கு வரி 740 நானோமீட்டர்தான், சுரண்டினா போச்சு.

வெளி ஓரத்துல இருந்து 2 செமீ சதுரம் வெட்டுங்க, ஓரத்துலதான் வரி வளைவு கம்மி. வெட்டுறதுக்கு முன்னாடியே வரி எந்தப் பக்கம் ஓடுதுன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க. மறந்துட்டா துண்டு வழியா ஒரு தூர பல்ப பாருங்க, கலர் எந்தப் பக்கமா விரியுதோ அதுக்கு குறுக்கதான் வரி.

6. பிளவு

பெட்டிக்குள்ள ஒளி வர்ற மெல்லிய இடைவெளிதான் பிளவு. இதுல அலட்சியமா இருந்தா மிச்சம் எல்லாம் வீண். அட்டையில பிளேடால கீறி பிளவு போடுறவங்களுக்கு ஓரம் எல்லாம் பஞ்சு பஞ்சா நிக்கும், கோடுகள் மங்கிடும். பிளேட ரெண்டா உடைச்சு, ரெண்டு கூர் முனையும் எதிர் எதிரா வைங்க.

இடைவெளி எப்படி ஒரே சீரா வைக்கறது? சாதாரண ஏ4 பேப்பர் சுமார் 0.1 மிமீ தடிமன். ரெண்டு பேப்பர ஒண்ணா சேத்து பிளேடுகளுக்கு நடுவுல நிறுத்தி, ரெண்டு பக்கமும் நெருக்கி டேப் போட்டுட்டு பேப்பர உருவிடுங்க. 0.2 மிமீ பிளவு ரெடி. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, ஒரு முனை அகலமா ஒரு முனை குறுகலா தெரிஞ்சா மறுபடி செய்யணும்.

7. பெட்டியும் அந்த 48 டிகிரியும்

டப்பாவோட ஒரு குறுகிய பக்கத்துல பிளவ படுக்கையா ஒட்டுங்க. உள்ள முழுக்க கருப்பு சார்ட்.

டிவிடி துண்ட போன் கேமரா லென்ஸ் மேலயே ஒட்டணும், வரி பிளவுக்கு இணையா இருக்கணும். இப்ப எல்லாரும் செய்யுற தப்பு, போன பிளவுக்கு நேரா வச்சு உள்ள பாக்குறது. வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியும். பச்சை ஒளி 546ங்கறத 740 ஆல வகுத்தா 0.738, சைன் மதிப்பு அவ்வளவு வர்ற கோணம் 48 டிகிரி கிட்ட. அவ்வளவு சாஞ்சாதான் நிறமாலை (பிரிஞ்ச கலர்களோட வரிசை) கேமராவோட நடுவுக்கு வரும். சிடியா இருந்தா 20 டிகிரி போதும், ஆனா கலர்கள் பாதி அளவுதான் விரியும்.

டப்பாவ வெட்டுறதுக்கு முன்னாடி இத செய்ங்க: பிளவுக்கு வெளிய பல்ப வச்சுட்டு, 25 செமீ தள்ளி போன பிடிச்சு மெதுவா சாய்ச்சுக்கிட்டே வாங்க, ஸ்க்ரீன் நடுவுல நிறமாலை வந்ததும் அந்த சாய்வ டப்பா சுவர்ல பென்சிலால கோடு போடுங்க. அந்த கோட்டுலதான் வெட்டணும். கோணமானி வச்சு கோடு போட்டு வெட்டினவங்கள்ல பாதிப் பேருக்கு திசை மாறிப்போய் இன்னொரு டப்பா தேட வேண்டியதாச்சு.

வெட்டினப்புறம் போன சாய்வா வச்சு சுத்தி கருப்புத் துணி சொருகுங்க. வெளிச்சம் பிளவு வழியா மட்டும்தான் உள்ள வரணும்.

8. போன் செட்டிங்

ஆட்டோல விட்டா போன் நமக்கு எதிரா வேலை செய்யும். இருட்டு அதிகம்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்தும், கோடுகள் எல்லாம் வெள்ளையா வெந்துடும். ப்ரோ மோட்ல போய் ஐஎஸ்ஓ கம்மியா, ஒயிட் பேலன்ஸ் லாக், எச்டிஆர் ஆஃப். ஃபோகஸ கையால நகத்தி கோடு கூர்மையாகுற எடத்துல நிறுத்துங்க.

ஷட்டர் 1/50 இல்லன்னா 1/25 வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு செகண்டுக்கு 100 தடவ மினுக்குது, ஷட்டர் அதோட ஒத்துப்போகலன்னா படத்துல குறுக்க பட்டை பட்டையா விழும், அத நிறமாலைக் கோடுன்னு நெனச்சு அளந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

ரெண்டு மூணு கேமரா இருக்குற போன்ல ஜூம் தொடாதீங்க. சொல்லாம கொள்ளாம வேற லென்ஸுக்கு மாறிடும்.

9. சிஎஃப்எல் வச்சு அளவு குறிக்கிறது

சிஎஃப்எல்லுக்குள்ள பாதரச ஆவி இருக்கு. அது குறிப்பிட்ட அலைநீளத்துல மட்டும்தான் ஒளி விடும், எந்த பல்பா இருந்தாலும் அந்த நம்பர் மாறாது. நீலம் 435.8, பச்சை 546.1. நமக்கு இயற்கையே குடுத்த ஸ்கேல் அது. (பல்ப உடைச்சிடாம பாத்துக்கோங்க, அந்த பாதரசம் விஷம்.)

படத்த எடுத்து எடிட்டிங் ஆப்ல திறந்து ரெண்டு கோடும் எந்த பிக்சல்ல நிக்குதுன்னு பாருங்க. எங்க படத்துல நீலம் 1540, பச்சை 2020. வித்தியாசம் 480 பிக்சல், அலைநீளத்துல 110.3 நானோமீட்டர். அப்ப ஒரு பிக்சலுக்கு 0.23 நானோமீட்டர்.

இத உடனே நம்பிடாதீங்க, மூணாவது கோட்ட வச்சு சோதிக்கணும். சிஎஃப்எல்ல பிரகாசமா ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அது பாதரசம் இல்ல, உள்ள பூசியிருக்குற பொடியில இருக்குற யூரோப்பியம், 611 கிட்ட. எங்களுக்கு அது 2308வது பிக்சல்ல வந்துச்சு. பச்சையில இருந்து 288 பிக்சல், கணக்கு போட்டா 612. போதும், பெட்டி வேலை செய்யுது. பழைய ட்யூப் லைட்ல இந்த சிவப்பு இல்லாம போகலாம், அப்ப 577, 579 மஞ்சள் ஜோடிய வச்சு சோதிங்க.

பச்சையில கவனம். அங்க ரெண்டு கோடு பக்கத்து பக்கத்துல இருக்கும், ஒண்ணு அதே பொடியில இருக்குற டெர்பியம், சிவப்புப் பக்கமா இருக்குறதுதான் பாதரசத்தோட 546.1. ரெண்டும் ஒட்டி ஒரே தடியா தெரிஞ்சா பிளவு அகலமாயிடுச்சு, ஆறாவது படிக்குப் போங்க.

இப்ப மூணாவது படியில எழுதி வச்ச நம்பர எடுங்க. லேசர ஒரு வெள்ளைப் பேப்பர்ல அடிச்சு, பேப்பர்ல விழுற புள்ளிய பிளவு வழியா படம் எடுங்க (லேசர நேரா பெட்டிக்குள்ள அடிச்சா கேமரா சென்சார் போயிடும்). சிடியும் ஸ்கேலும் குடுத்த நம்பரும் பாதரசம் குடுத்த நம்பரும் பக்கத்துல வந்து நிக்கும். சம்பந்தமே இல்லாத ரெண்டு வழி ஒரே எடத்துக்கு வர்றத பாக்கும்போது பசங்க மூஞ்சிய பாக்கணும் நீங்க. ரெண்டும் 15 நானோமீட்டருக்கு மேல தள்ளி இருந்தா மொதல்ல சிடிய சந்தேகப்படுங்க, அது நேரா நின்னிருக்காது.

போன் ஒரு மிமீ நகர்ந்தாலும் அளவு போச்சு. ஒவ்வொரு தடவ உக்காரும்போதும் முதல் படம் சிஎஃப்எல்லா இருக்கட்டும்.

10. இப்ப எதெல்லாம் பாக்கலாம்

எல்இடி பல்பு: கண்ணுக்கு வெள்ளை, பெட்டியில 450 கிட்ட நீலம் தூக்கலா, 480 கிட்ட ஒரு பள்ளம், அப்புறம் பச்சையில இருந்து சிவப்பு வரைக்கும் ஒரே மேடு. நீல எல்இடிமேல மஞ்சள் பொடி பூசினதுதான் அந்த வெள்ளை. குண்டு பல்புல பள்ளமே இருக்காது.

சோறு பொங்கி வழியும்போது கேஸ் அடுப்பு மஞ்சளா எரியும் பாத்திருப்பீங்க. உப்புத் தண்ணியில நனைச்ச கம்பிய இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டி, பெட்டிய அரை மீட்டர் தள்ளி வச்சுப் பாருங்க, 589ல ஒத்தை மஞ்சள் கோடு. சோடியம். அது நெஜத்துல 589.0, 589.6ன்னு ஜோடி, இந்த பெட்டியில பிரியாது, அதுக்காக பிளவ நோண்டாதீங்க. இத செய்யும்போது ஸ்பிரிட் பாட்டில் பக்கத்து ரூமுக்குப் போயிடணும்.

முருங்கைக்கீரைய கசக்கி ஸ்பிரிட்ல ஊற வச்சு, துணியில வடிகட்டி, கண்ணாடி டம்ளர்ல ஊத்தி பிளவுக்கு முன்னாடி வைங்க, பின்னாடி குண்டு பல்பு. நீலம் காணாம போயிருக்கும், சிவப்புல 660 தாண்டி ஒரு கருப்புப் பட்டை விழும். இலை வெயில்ல இருந்து எடுத்துக்குற பங்கு அது. கரைசல் கெட்டியா இருந்தா ஒண்ணுமே தெரியாது, வெளிர்பச்சை ஆகுற வரைக்கும் ஸ்பிரிட் சேருங்க.

கடைசியா சூரியன். பெட்டியையும் சரி கண்ணையும் சரி, சூரியனுக்கு நேரா ஒருக்காலும் திருப்பாதீங்க. வெயில் விழுற வெள்ளைப் பேப்பர பாத்தா போதும். பிளவ மட்டும் ஒத்தை பேப்பர் தடிமனுக்கு, 0.1 மிமீக்கு மாத்தி செஞ்சுக்கோங்க, இல்லன்னா வெறும் வானவில்தான் வரும். நல்லா அமைஞ்சா நிறமாலைக்கு நடுவுல மெல்லிசா கருப்புக் கோடுகள் இருக்கும்: 486ல ஹைட்ரஜன், 517 கிட்ட மெக்னீசியம், 589ல நீங்க அடுப்புல பாத்த அதே சோடியம். அடுப்புல எடுத்த படத்தையும் வெயில்ல எடுத்த படத்தையும் மேலயும் கீழயும் வச்சுப் பாருங்க, மஞ்சள் கோடும் கருப்புக் கோடும் ஒரே பிக்சல்ல நிக்கும்.